ஏரி உடைந்ததா, கோடி போயிற்றா?

செங்கல்பட்டு ஜில்லாவின் கிராமங்களில், ஐப்பசி கார்த்திகை அடைமழைக் காலத்தில், பெரியவர்கள் ஒருவரையொருவர் வழியில் சந்தித்தால் முதலில் விசாரிப்பது ஏரியைத்தான். "ஏரி கோடி போவுதா?" என்பார்கள். நீர் நிரம்பிக் கலங்கலின் மேல் வழிந்து, போக்குக் கால்வாயில் இறங்கி, அடுத்த ஊர் ஏரியை நோக்கி ஓடுவதற்குத்தான் எங்கள் பக்கத்தில் கோடி போவது என்று பெயர். ஓர் ஊருக்கு அதைவிட மங்கலமான செய்தி வேறில்லை, ஏனெனில் அடுத்த போகத்துக்கு இயற்கை எழுதிக் கொடுக்கும் உறுதிப் பத்திரம் அது. ஏரி உடைவதோ முற்றிலும் வேறு சம்பவம். கரையில் நண்டு வளையோ எலி வளையோ இருந்த இடத்தில் கசிவு தொடங்கி, மண் கரைந்து, கரை வாய் பிளந்து, பயிரையும் குடிசையையும் ஆடுமாடுகளையும் வெள்ளம் வாரிக்கொண்டு போவது அது. இரண்டிலும் தண்ணீர் ஏரியை விட்டு வெளியேறுகிறது. நள்ளிரவில் தொலைவில் நின்று கேட்பவனுடைய காதுக்கு இரண்டின் இரைச்சலும் ஒன்றாகவே இருக்கும். கரைமேல் ஏறிப் பார்த்தவனுக்குத்தான் வேற்றுமை தெரியும்.

வாலிப வயதில் ஒரு பத்திரிகைக்கு ஊர்ச் செய்திகளைச் சிறு சிறு குறிப்புகளாக அனுப்பிவந்த நாட்களில், அத்தகைய மழையிரவு ஒன்றில், பக்கத்து ஊர் ஏரி உடைந்துவிட்டது என்று டீக்கடையில் இருவர் பேசிக்கொண்டதைக் கேட்டு, உடனே தொலைபேசியில் அந்த விஷயத்தைச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலை அது அச்சில் வந்தது. அந்த ஊரில் மகளைக் கட்டிக் கொடுத்திருந்த ஒரு தாய், அதைப் பிறர் படிக்கக் கேட்டு, பேருந்து ஓடாத சாலையில் எட்டு கிலோமீட்டர் தூரம் தண்ணீரில் நடந்தே வந்து, மகளை வாசற்படியில் உயிரோடு கண்டதும் ஈர மண்ணிலேயே அமர்ந்து அழுதாள் என்று மாலையில் கேள்விப்பட்டேன். ஏரி உடையவில்லை; கோடி போயிருந்தது. நான் கரைக்குப் போகவில்லை. செய்தி எழுதுவது என்பது கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு வித்தை என்ற எண்ணம் என் உள்ளத்தில் உண்டானது அந்த மாலையில்தான்.

இன்று அந்த வித்தையைக் கற்க வேண்டியவர்களின் எண்ணிக்கை பன்மடங்கு பெருகிவிட்டது. காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 29-இல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆயிற்று. ஆட்சியர் அலுவலகம் அருகில் வந்தது, ஆனால் நிருபர் அதே அளவுக்கு அருகில் வந்துவிட்டார் என்று சொல்வதற்கில்லை. மரணம், கலவரம், மந்திரி வருகை ஆகிய மூன்றும் இல்லாத நாட்களில் ஒரு குக்கிராமத்துக்கு எந்தப் பத்திரிகையின் வண்டியும் வருவதில்லை. நியாய விலைக் கடையில் துவரம்பருப்பு வராத மாதமும், குடிநீர்த் தொட்டி கழுவப்படாத வருஷமும், பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர் இடம் காலியாகவே கிடக்கும் பருவமும் எவராலும் எழுதப்படாமலே கழிந்துவிடுகின்றன. இவற்றை எழுதக்கூடியவர் அந்த ஊரில் வசிப்பவர் ஒருவரே. அவர் கையில் கைப்பேசி இருக்கிறது. கண்ணெதிரே விஷயமும் இருக்கிறது. குடிமக்கள் நிருபர் என்று இக்காலத்தில் அவரை அழைக்கிறார்கள். நான் ஊர் நிருபர் என்று சொல்லவே விரும்புகிறேன்.

ஊர் நிருபருக்கும் வெளியிலிருந்து வரும் நிருபருக்கும் உள்ள பெரும் வேற்றுமை பயிற்சியில் இல்லை, சம்பளத்திலும் இல்லை. வெளியூர் நிருபர் எழுதி முடித்ததும் போய்விடுகிறார். ஊர் நிருபரோ எழுதிய பிறகும் அதே தெருவில் நடக்க வேண்டும். அதே கடையில் வரிசையில் நிற்க வேண்டும். எவரைப் பற்றி எழுதினாரோ அவர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் அமர வேண்டும். நாளையும் அங்கேயே இருக்கப் போகிறவர் என்பதனால்தான் அவருடைய சொல்லுக்கு ஒரு வெளியூர்க்காரரின் சொல்லுக்கு இல்லாத கனம் உண்டு. அதே காரணத்தால்தான் அவர் ஒரு சொல்லைக்கூடப் பிழையாக எழுத முடியாதவராகவும் இருக்கிறார். செய்தி எழுதும் பயிற்சி முழுவதும் இந்த ஒரு நிலையிலிருந்தே கிளைக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

2021 அக்டோபரில் மாமல்லபுரத்தில் நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோயில் அன்னதானத்தில் பந்தியில் உட்காரவிடாமல் தம்மை விரட்டினார்கள் என்று பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவர் சமூகத்துப் பெண் ஒருவர், அழாமல், தயங்காமல், தம் சொந்தச் சொற்களில் பேசிய காணொளி சமூக ஊடகங்களில் பரவிற்று. சில நாட்களில் அறநிலையத் துறை அமைச்சர் அதே அன்னதானக் கூடத்தில் அவரோடு அமர்ந்து உணவருந்தினார். நவம்பர் 4-ஆம் நாள், தீபாவளியன்று, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கே சென்று நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாக்களையும் சாதிச் சான்றிதழ்களையும் நலத்திட்ட உதவிகளையும் வழங்கினார். எத்தனையோ ஆண்டுகள் மனுக்களாய் அலுவலகங்களில் உறங்கிக் கிடந்திருக்கக்கூடிய விஷயங்கள், ஒரு பெண்மணியின் சில நிமிஷப் பேச்சினால் நகர்ந்தன.

அந்தப் பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அதன் வலிமை அதன் கோபத்தில் மட்டும் இருப்பதாக நினைப்பவர்கள் மறுபடியும் கேட்க வேண்டும். எந்த இடம், என்ன சொன்னார்கள், தாம் என்ன பதில் சொன்னார், தம்மோடு எவர் இருந்தார், தம் ஜனங்களுக்கு இதற்கு முன்னால் என்னென்ன நேர்ந்தது என்று ஒவ்வொன்றும் அதில் வரிசையாக இருந்தது. பத்திரிகைப் பள்ளி எதிலும் படிக்காத ஒருவர், தாம் பிரத்தியட்சமாக அனுபவித்ததை மட்டும் சொன்னதனால், செய்தியின் உறுப்புகள் யாவும் தாமாகவே வந்து பொருந்தின. ஆனால் காணொளி செய்யக்கூடியது அவ்வளவுதான். பட்டா பெற்றவர்களுள் எத்தனை பேருக்கு அந்த நிலம் அளந்து காட்டப்பட்டது, கடன் உத்தரவு வாங்கியவர்களுள் எத்தனை பேருக்கு வங்கி பணம் கொடுத்தது, சான்றிதழ் வாங்கிய வீட்டுப் பிள்ளை இன்று எந்த வகுப்பில் இருக்கிறது என்பவை ஆறு மாதம் கழித்தும், மூன்று வருஷம் கழித்தும் போய்க் கேட்டு எழுத வேண்டிய விஷயங்கள். முதல் நாளன்று கூடிய காமிராக்கள் அந்த இரண்டாம் நாளுக்கு வருவதில்லை. பக்கத்துத் தெருவில் வசிக்கும் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வரலாம்.

தம் ஊர்க் கதையைத் தாமே எழுதுவது செங்கல்பட்டுக்குப் புதிய மரபும் அன்று. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893 அக்டோபரில், சென்னையில், நான்கே பக்கங்களில், இரண்டணா விலையில் ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி ஊர் தம் மக்களை இழிவுபடுத்திற்றோ அந்தப் பெயரையே தலைப்பாக வைத்து, அதற்குப் 'பறையன்' என்று பெயரிட்டார். அது 1900 வரை நடந்தது. தொடங்கிய சில மாதங்களுக்குள் அவர் முன்னின்று பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு அனுப்பிய மனு ஒன்று 112 அடி நீளமும் 3,412 கையொப்பங்களும் கொண்டிருந்தது என்பதை நினைக்கும்போது, கையெழுத்துப் போடவே பலர் கற்றிராத காலத்தில் அத்தனை பேரிடம் நடந்து சென்று, விஷயத்தை விளக்கி, ஒப்பம் பெற்ற பிரயாசையை எண்ணி வியக்காமல் இருக்க முடிவதில்லை.

1896-இல் அந்தப் பத்திரிகையின் மேல் வழக்குத் தொடரப்பட்டது. காரணமாக இருந்தது பத்திராதிபர் எழுதிய தலையங்கம் அன்று, பிரசுரமான ஒரு கடிதம். சீனிவாசன் நீதிமன்றத்தில் நின்றார்; நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இரண்டணாப் பத்திரிகை நடத்தியவருக்கு நூறு ரூபாய் எத்தகைய தொகை என்று கணக்கிட்டால், எண்ணூறு பிரதிகளின் விலை முழுவதும் அதிலேயே போய்விடும். வெளியிலிருந்து வந்த எழுத்தை அச்சிடுகிறவர் அந்த எழுத்தின் பொறுப்பையும் தம் தோளில் ஏற்றுக்கொள்கிறார் என்பது அன்றைக்கே இந்த மண்ணைச் சேர்ந்தவர் ஒருவர் பணம் கொடுத்துக் கற்ற பாடம். இன்றோ எழுதுபவர், அச்சிடுபவர், விநியோகிப்பவர் எல்லாம் ஒருவரே. சீனிவாசனின் நாற்காலியும் கடிதக்காரரின் பேனாவும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்துவிட்டன.

அதே காலத்தில், 1891-இல், செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் என்னும் ஆங்கிலேயர், இந்த ஜில்லாவின் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை பற்றி அரசாங்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். அவர்களுடைய கூலி, உணவு, வீடு, நிலம் கிடைக்காமல் அவர்கள் தடுக்கப்பட்ட விதம் யாவற்றையும் விவரமாக எழுதிய அந்தக் குறிப்பின் விளைவாகவே, 1892-இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றளவும் பேசப்படுவது அதுதான். ஓர் அதிகாரி எழுதிய குறிப்பும், அந்த மக்களுள் ஒருவரே நடத்திய பத்திரிகையும் ஒரே ஜில்லாவின் கதையை, இரண்டு பக்கங்களிலிருந்து, இரண்டு வருஷ இடைவெளியில் சொல்லத் தொடங்கின. முன்னதில் விவரம் இருந்தது. பின்னதில் விவரத்தோடு குரலும் இருந்தது.

பாஷையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்நாளைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த துள்ளத்தில் 1883-இல் பிறந்த திரு.வி. கலியாணசுந்தரனார், 1917-இல் 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியரானபோதும், 1920 முதல் 'நவசக்தி'யை நடத்தியபோதும், அரசியலையும் தொழிலாளர் இயக்கத்தையும் தமிழிலேயே முழுமையாகச் சொல்லிவிட முடியும் என்பதைத் தினந்தோறும் எழுதிக் காட்டினார். ஊர் நிருபருக்கு இந்தப் பாடம் வேறொரு வகையில் பயன்படும். கோடி போவது என்ற சொல் அவருக்குத் தெரியும். நகரத்தில் மேஜைமுன் அமர்ந்து செய்தியைத் திருத்தும் துணையாசிரியருக்குத் தெரியாமல் இருக்கலாம். கச்சான் காற்றும் கொண்டலும் வாடையும் வேறு வேறு என்பதும், 'பாடு இல்லை' என்று கரையில் சொன்னால் அன்றைக்கு வலையில் மீன் விழவில்லை என்று பொருள் என்பதும் கரையில் வாழ்பவருக்கே தெரியும். அந்தச் சொற்களைத் தள்ளிவிட்டுச் சுற்றறிக்கைத் தமிழில் எழுதுகிறவர் தம்மிடம் உள்ள மிகப் பெரிய செல்வத்தை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வருகிறார். உள்ளூர்ச் சொல்லை வைத்து, பக்கத்திலேயே அதன் பொருளையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் போதுமானது.

இனி, எழுதும் முறைக்கு வருவோம். பிற்காலச் சோழர் சாசனங்களைப் படித்தவர்கள் அறிவார்கள்: தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி இருக்கும், அரசன் வென்ற நாடுகளும் அவன் புகழும் வரி வரியாக நீளும். அதன் பின்னரே ஆட்சியாண்டு, நாடு, ஊர், கொடுத்தவர், கொடுத்த நிலம், அதன் நான்கெல்லை, கடைசியில் 'இவை என் எழுத்து' என்று ஒப்பமிட்டவர்கள் வருவார்கள். நம் ஊர்களிலிருந்து புறப்படும் செய்திக் குறிப்புகள் பெரும்பாலானவை இன்றும் மெய்க்கீர்த்தியிலிருந்தே தொடங்குகின்றன. தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர் யாவரும் பட்டங்களோடு வந்து போன பிறகு, கடைசிப் பத்தியில், அந்தக் கூட்டத்தில் குடிநீர்த் திட்டம் ஒன்று கைவிடப்பட்ட விஷயம் ஒளிந்துகொண்டிருக்கும். செய்தி எழுதப் பழகுகிறவர் முதலில் செய்ய வேண்டியது மெய்க்கீர்த்தியை நீக்கிவிட்டு, சாசனத்தின் பிற்பகுதியைத் தலைக்குக் கொண்டுவருவது: என்ன நடந்தது, எங்கே, எப்போது, எவருக்கு, எவ்வளவு. நான்கெல்லை கூறி, சாட்சிகளின் ஒப்பத்தோடு முடித்த அந்தப் பழைய கணக்கர்களின் கண்டிப்பு எனக்கு இன்றும் ஆதர்சமாகவே இருக்கிறது.

இதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கிலோ வடக்கிலோ உள்ள ஒரு மீனவர் குப்பத்தில் கடல் கரையை அரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே உள்ள இளைஞர் ஒருவர் எழுதும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இவ்விதம் இருக்கும்: 'அதிகாரிகளின் அலட்சியத்தால் எங்கள் குப்பம் அழிந்துகொண்டிருக்கிறது.' அதில் அவருடைய வேதனை இருக்கிறது. அது நியாயமான வேதனையே. ஆனால் அதைப் படிக்கும் அந்நியருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. குற்றம் சாட்டப்பட்ட அதிகாரிக்கோ மறுப்பதற்கு மிக எளிதாக இருக்கிறது. அதே இளைஞர் அளவு நாடா ஒன்றை எடுத்துக்கொண்டு, கோயில் வாசற்படியிலிருந்து அலை தொடும் இடம் வரை அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் அளந்து, தேதியோடு குறித்து, சென்ற வருஷம் எந்த வீட்டுக்கு முன்னால் வலை உலர்த்தினார்கள், இந்த வருஷம் படகுகளை எங்கே ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று ஐந்து பேரைத் தனித்தனியே கேட்டு எழுதட்டும். 'வலை உலர்த்திய மணல் முழுவதும் கடலுக்குள் போய்விட்டதால், ஃபைபர் படகுகளை இப்போது தெருவில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்' என்று தொடங்கும் செய்தியை எந்த அதிகாரியாலும் மறுக்க முடியாது. வேதனை அதிலும் இருக்கிறது. அதை எழுதியவர் சொல்லாமலே படிப்பவருக்குத் தெரிகிறது.

அடுத்து அவர் தம் ஊர் மக்களின் கோரிக்கையைக் கேட்பார். 'தூண்டில் வளைவு போட்டுக் கொடுங்கள்' என்பார்கள். கடலுக்குள் கருங்கற்களைக் கொட்டி நீட்டும் தடுப்புக்குக் கரையில் அதுதான் பெயர். இங்கேதான் ஊர் நிருபரின் தர்மம் சோதனைக்கு உள்ளாகிறது. சோழமண்டலக் கரையில் அலைகள் மணலை ஓயாமல் நகர்த்திக்கொண்டே இருக்கின்றன; தென்மேற்குப் பருவக் காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே, வடகிழக்குப் பருவத்தில் வடக்கிலிருந்து தெற்கே, ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் வடக்கு நோக்கிப் போவதே அதிகம். குறுக்கே கல்லைப் போட்டு மறித்தால் தெற்குப் பக்கத்தில் மணல் சேர்கிறது, வடக்குப் பக்கத்தை அலை தின்கிறது. சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு அதன் தெற்கே மெரினாவில் மணற்பரப்பு அகன்றதும், வடக்கே ராயபுரக் கரை அரிக்கப்பட்டதும் நூறு வருஷத்துக்கும் மேலாகக் கண்முன் நிற்கும் அத்தாட்சி. ஆகையால், தம் குப்பத்துக்குத் தூண்டில் வளைவு வேண்டும் என்று எழுதுகிறவர், வடக்கே அடுத்த குப்பத்துக்கும் போய், அங்கே அதனால் என்ன நேரும் என்று கேட்டு, அதையும் அதே செய்தியில் எழுத வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தார் கோபிப்பார்கள். 'நம்ம ஊரு ஆளாயிருந்துக்கிட்டு இப்படி எழுதலாமா?' என்பார்கள். அந்தக் கேள்விக்கு முன் நிமிர்ந்து நிற்கும் தைரியமே நிருபரை வேண்டுதல் மனு எழுதுகிறவரிடமிருந்து வேறுபடுத்துகிறது. வடக்குக் குப்பத்தையும் கணக்கில் கொண்ட செய்திதான் பொறியாளரிடம் சரியான கேள்வியைக் கேட்கத் தகுதி பெறுகிறது. கல் தவிர வேறு உபாயம் உண்டா, மணலை எடுத்துச் சென்று வடக்கே நிரப்ப முடியுமா என்ற கேள்விகள் அப்போதுதான் பிறக்கும்.

ஆவணம் இல்லாத செய்தி ஒற்றைக் காலில் நிற்கும் செய்தி. ஆவணங்களைப் பெறும் வழிகளோ முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு இன்று திறந்திருக்கின்றன. 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய் கட்டணத்தில், இன்ன பணிக்கு இன்ன தேதியில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று எந்தக் குடிமகனும் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. 'ஏன் செய்யவில்லை?' என்று கேட்டால் பதில் வராது. 'ஒப்பந்த உத்தரவின் நகலைக் கொடுங்கள்' என்று கேட்டால் வரும். தமிழ்நாட்டு ஊராட்சிகளில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய நான்கு நாட்களோடு, மார்ச் 22-ஆம் தேதி உலகத் தண்ணீர் தினமும் நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சிகள் தினமும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூட வேண்டும். அங்கே படிக்கப்படும் வரவு செலவு அறிக்கையைச் செவிகொடுத்துக் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் பேசியது ஒன்றும் எழுதியது வேறொன்றுமாக இல்லையே என்று பார்க்கும் ஒருவர் ஊருக்கு ஒருவர் இருந்தால், இந்த ஜில்லாவின் சரித்திரம் வேறு விதமாக எழுதப்படும் என்று நான் மெய்யாகவே நம்புகிறேன்.

சரிபார்க்காத எழுத்து என்ன செய்யும் என்பதை நாம் கேட்டறிந்தது மட்டும் அன்று, கண்டும் இருக்கிறோம். 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப் வழியாக வட தமிழ்நாட்டுக் கிராமங்களில் பரவிக் கிடந்த வேளையில், குலதெய்வக் கோயிலைத் தேடிக்கொண்டு சென்னையிலிருந்து போளூர் பக்கம் சென்ற ஒரு குடும்பத்தார், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக ஜனங்களால் அடிக்கப்பட்டனர். அறுபத்தைந்து வயது மூதாட்டி உயிரிழந்தார். அந்தச் செய்தியை அனுப்பியவர்களுள் எவரும் கொலைகாரராகத் தம்மை எண்ணியிருக்க மாட்டார்கள். தத்தம் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகவே எண்ணியிருப்பார்கள். 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று வேறு இடத்துக் காட்சிகளும் வேறு காரணத்தால் நடந்த சண்டைகளும் ஒட்டிப் பரப்பப்பட்டபோது, மறைமலை நகர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் வடநாட்டுப் பிள்ளைகளின் தாய்மார்கள் எவ்வளவு தொலைவுக்கு அப்பால் உறக்கமின்றித் தவித்திருப்பார்கள்! மகளைத் தேடித் தண்ணீரில் நடந்து வந்த அந்தத் தாயை அப்போது நினைத்துக்கொண்டேன். காணொளி ஒன்று கைக்கு வந்தால், இது எந்த ஊர், எந்த நாள், எடுத்தவர் எவர் என்ற மூன்றுக்கும் விடை தெரியாதவரை அதை அடுத்தவருக்கு அனுப்புவதில்லை என்ற விரதத்தை நான் அதன்பின் மேற்கொண்டேன். பிறரும் மேற்கொள்ள வேண்டுகிறேன்.

எழுதக் கூடாதவையும் உண்டு. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் பெயரையோ, அடையாளம் காட்டும் பள்ளி, தெரு, உறவினர் விவரத்தையோ வெளியிடுவதைப் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கிறது. சிற்றூரில் பெயரை விட்டுவிட்டாலும் 'மளிகைக் கடைக்காரரின் இரண்டாவது மகள்' என்று எழுதிவிட்டால் பெயரை எழுதியதாகவே ஆகும். நகரத்துக்குப் போதுமான மறைப்பு கிராமத்துக்குப் போதாது. அவதூறு விஷயத்தில், கூறியது உண்மையாகவும் பொதுநன்மைக்கு அவசியமாகவும் இருப்பின் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆனால் உண்மை என்பதை மெய்ப்பிக்கும் பாரம் எழுதியவர் தலையில்தான் விழும். குறிப்பேட்டைக் கிழிக்காமல் தேதியிட்டு வைத்திருக்க வேண்டும் என்று பழைய நிருபர்கள் வற்புறுத்தியது இதனால்தான். எவரைப் பற்றி எழுதுகிறோமோ அவரிடம் நேரில் போய், 'உங்களைப் பற்றி இவ்விதம் சொல்கிறார்கள், உங்கள் பதில் என்ன?' என்று கேட்பதும் அச்சத்தினால் செய்யும் காரியம் அன்று. பல சமயங்களில் அந்தப் பதிலில்தான் உண்மையான செய்தி இருக்கும்.

உலகெங்கும் ஊர் மக்களே செய்தி எழுதும் முயற்சி வெற்றி கண்ட இடங்களில் இரண்டாவது கண் ஒன்று இருந்திருக்கிறது. தென்கொரியாவில் 2000 பிப்ரவரி 22-இல், குடிமக்கள் ஒவ்வொருவரும் நிருபரே என்ற கொள்கையோடு 727 பேரைக் கொண்டு தொடங்கிய 'ஓமைநியூஸ்', அவர்கள் எழுதியதைத் திருத்திச் சரிபார்க்கத் தனியே ஆசிரியர் குழு ஒன்றை வைத்திருந்தது. சத்தீஸ்கரில் 2010 முதல் நடக்கும் 'சிஜிநெட் ஸ்வரா'வில் எழுதத் தெரியாத ஆதிவாசி மக்கள் கைப்பேசியில் தம் மொழியிலேயே பேசிப் பதிவு செய்கிறார்கள். நடுவில் இருப்பவர்கள் சரிபார்த்த பிறகே அது பிறர் செவிக்குப் போகிறது. உத்தரப் பிரதேசத்துச் சித்ரகூடத்தில் 2002-இல் கிராமத்துப் பெண்களை நிருபர்களாக்கித் தொடங்கப்பட்ட 'கபர் லஹரியா', பெரும்பாலும் தலித் பெண்களைக் கொண்டு, தாலூகா அலுவலகத்தில் நாற்காலி கூடக் கிடைக்காத நாட்களிலிருந்து தலைநகரமே அறிந்த பத்திரிகையாக வளர்ந்தது. பாம்பனில் 2016 முதல் மீனவர்களே நடத்தும் 'கடல் ஓசை' வானொலி நம் கடற்கரைக்கு இன்னும் நெருங்கிய உதாரணம். செங்கல்பட்டுக் கரையில் ஐந்தாறு குப்பங்கள் சேர்ந்து, ஒருவர் எழுதியதை மற்றொருவர் வாசித்து, 'இதை யார் சொன்னது?' என்று கேட்கும் ஒரு சிறு கூட்டத்தை வைத்துக்கொண்டால், அதுவே ஆசிரியர் குழு. அதற்குக் கட்டடம் வேண்டியதில்லை, வலை பின்னும் கொட்டகை போதும்.

ஆழிப்பேரலை தாக்கிய 2004 டிசம்பர் 26-ஆம் நாளை இக்கரையில் உள்ளவர்கள் எவரும் மறக்க மாட்டார்கள். மாமல்லபுரத்தில் அன்று கடல் உள்வாங்கியதும், அதுவரை காணாத கற்கள் சற்று நேரம் வெளிப்பட்டதும் பின்னர் தொல்லியலாருக்குப் பெரிய விஷயமாயிற்று. எனக்கோ அன்றைய தினத்தில், தெற்கே புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவ கிராமத்தில் நடந்ததே பெரிதாகத் தோன்றுகிறது. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் வாலிபர் ஒருவர் தொலைக்காட்சியில் விபரீதத்தைக் கண்டு ஊருக்குப் போன் செய்தார், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அந்த எச்சரிக்கை முழங்கிற்று. ஜனங்கள் கரையை விட்டு ஓடி உயிர் பிழைத்தனர். நாள்தோறும் அலையின் உயரத்தையும் காற்றின் போக்கையும் தவறாமல் அறிவித்துவந்த ஒலிபெருக்கி அது. ஆகையால் அன்று அது 'ஓடுங்கள்' என்றபோது எவரும் நின்று ஆராயவில்லை. பல மாதங்களாகச் சின்னச் சின்ன உண்மைகளைச் சொல்லிச் சேர்த்த நம்பிக்கை, ஒரு காலை நேரத்தில் ஊர் முழுவதற்கும் உயிராயிற்று.

மழைக்காலம் வந்தால் நான் இப்போதும் மதுராந்தகம் ஏரிக் கரைக்குப் போவதுண்டு. அதன் முழு நீர்மட்டம் 23.3 அடி; அளவுகோலில் நீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, மணியையும் சேர்த்துக் குறித்துக்கொள்வேன். சென்ற மழையில், இரவு பத்து மணிக்கு மேல், செய்தி எழுதப் பழகிவரும் பிள்ளை ஒருவன் தன் ஊர்ப் பக்கத்து ஏரியைப் பற்றிப் பதறிப்போய் எனக்குப் போன் செய்தான்.

"ஐயா, ஏரி ஒடைஞ்சிடுச்சாம்!"

"யாருப்பா சொன்னது? கரையில இப்ப யார் நிக்கிறாங்க?"

சிறிது நேரம் மறுமுனையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "நானே போய்ப் பார்த்துட்டுக் கூப்பிடறேங்க ஐயா" என்றான். சைக்கிளின் ஸ்டாண்டைத் தட்டிவிடும் ஓசை காதில் விழுந்தது.